ஒரு கோலும் அடிக்காத எங்கள் அத்தான்

அத்தான் சீனாக்காரர் அல்லர். ரஷ்யரும் அல்லர். ஜப்பான்காரர் என்று ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கத்தில் ஒரு கடை முதலாளி அடித்துச் சொன்னாரே, அதுவும் அல்லர். கசகஸ்தான் என்று ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டின் தேசிய உதைபந்தாட்ட அணியில் ஆடியவர், பிறகு பயிற்றுவிப்பாளராக இருந்தவர், என் அக்காவின் கணவர். இத்தனை வருடமும் இதை வாய் வலிக்கச் சொல்லிவிட்டேன். இனி அச்சில் இருக்கட்டும். மறந்தவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

இந்த மலரை அடிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் உறவினர் ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

"வெள்ளைக்காரனுக்கும் நினைவு மலரோ பிள்ளை?"

சீனாக்காரன் என்று சொல்லித் திரிந்த அதே வாய்தான். செத்த பிறகு வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டார்.

"ஓம் அண்ணை, மலர்தான். உங்களுக்கும் ஒண்டு எடுத்து வைக்கிறன். ஆறுதலா இருந்து வாசியுங்கோ" என்றேன். இன்று ஆண்டு நிறைவுக்கு அவரும் வந்திருப்பார். வாசிக்கட்டும்.

அன்பானவர், பண்பானவர், யாரையும் முகம் சுளித்துப் பார்த்தறியாதவர் என்றெல்லாம் இப்படியான மலர்களில் எழுதுவது வழக்கம். அத்தான் உண்மையிலேயே அப்படிப்பட்டவர்தான். எழுதுகிற நான் அப்படி இல்லை. ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறவள் நான். நாள் முழுக்கச் சனத்தோடு மல்லுக்கட்டுகிறவள். எனக்குக் கோபம் வந்தால் வந்ததுதான். அக்கா இதை முழுவதும் வாசித்துவிட்டு ஒரு வரியும் வெட்டவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சோவியத் ஒன்றியம் உடையாமல் இருந்த காலத்தில், கசகஸ்தானின் தெற்கே ஷிம்கென்ட் நகரத்துக்கு அப்பால், புகையிரதப் பாதையோரக் குடியிருப்பு ஒன்றில் அத்தான் பிறந்தார். தகப்பனார் தண்டவாளம் பழுதுபார்க்கும் தொழிலாளி. தாயார் பாடசாலைச் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். பிள்ளைகளில் அத்தான்தான் மூத்தவர். அங்கே மைதானம் என்று சொல்லப்பட்டது, புகையிரதக் கரியைக் கொட்டி மட்டப்படுத்திய ஒரு வெளி. விழுந்தால் கரித்தூள் தோலுக்குள் ஏறிவிடும். அத்தானின் இரண்டு முழங்கால்களிலும் அந்தக் கரி, பச்சை குத்தியதுபோல் கடைசிவரை இருந்தது. இங்கே வைத்தியசாலையில் ஒரு தாதி அதைப் புதிய வருத்தம் என்று நினைத்துப் பெரிய வைத்தியரைக் கூட்டி வந்துவிட்டார்.

எல்லாப் பிள்ளைகளையும் போல அத்தானுக்கும் முன்னுக்கு நின்று கோல் அடிக்கத்தான் ஆசை. அவருடைய முதல் பயிற்றுவிப்பாளர், கோபம் வராத பிள்ளை பின்னுக்கு நிற்கட்டும் என்று அவரைத் தடுப்பு வரிசைக்கு அனுப்பினாராம். கோல் காப்பாளருக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறித்து, பந்தை எடுத்துக் கொடுப்பவர்கள். எங்கள் ஊரில் 'பெக்' என்போம். அன்றைக்குப் பெக் ஆனவர் அதன் பிறகு வேறு எதுவும் ஆகவில்லை.

நாடு தனி நாடானதும் புதிதாக ஒரு தேசிய அணி கூட்டப்பட்டது. அந்த முதற்காலத்து அணியின் பெக் வரிசையில் அத்தானும் ஒருவர். சீருடை ஒரே தொகுதிதான் இருந்ததாம். ஆட்டம் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த ஆட்டத்துக்குத் தோய்க்க. அதனால் தேசிய அணிச் சீருடை ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. 'சும்மா கதை விடுகிறாரோ' என்று எங்கள் ஆட்கள் சிலர் சந்தேகப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அத்தானோ தன்னுடைய பெருமையை யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை. பிள்ளைகள் கேட்டால் ஒரே ஒரு கதைதான் சொல்வார்.

"நான் நாட்டுக்கு விளையாடி ஒரு கோல் அடிச்சனான். எங்கட கோலுக்குள்ளை!"

சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரிப்பார்.

முழங்கால் உடைந்தது, ஆட்டம் முடிந்தது. சொந்த ஊரிலேயே இளைஞர் அணிக்குப் பயிற்றுவிப்பாளரானார். நாட்டில் எல்லாம் குலைந்து கிடந்த வருடங்கள் அவை. சம்பளத்துக்குப் பதிலாக மாவும் சீனியும் கொடுத்தார்களாம். அந்த நேரத்தில்தான் ரொறன்ரோவில் ஒரு பயிற்றுவிப்பாளர் வேலை காத்திருக்கிறது என்று அவருடைய நாட்டவர் ஒருவர் ஆசை காட்டினார். வந்து இறங்கினால் வேலையும் இல்லை, சொன்ன ஆளையும் காணவில்லை. ஏமாற்றுகிறவன் எல்லா இனத்திலும் இருக்கிறான்.

ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் சூளைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தார். அக்காவுக்கு அங்கே பாண் அடுக்கும் பக்கத்தில் வேலை. ஊரில் இருந்து அகதியாக வந்து, என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு எடுத்து, எங்கள் மூன்று பேர் வயிற்றையும் பார்த்தவர் அக்கா. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். சூடு, கவனம், பிறேக் ரைம் என்ற அளவில் தொடங்கிய பேச்சு எப்படிக் கல்யாணம்வரை போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் அக்கா, "அவர் குறுக்கை கதைக்காமல் கேட்பார்" என்பார். நான் குறுக்கே கதைப்பேன் என்பது அதில் எனக்கு வைத்த குட்டு.

அம்மா அவ்வளவு லேசில் சம்மதிக்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்த அத்தான் எங்களைத் தன் அறைக்குத் தேநீருக்கு அழைத்தார். கைப்பிடி இல்லாத சிறு கிண்ணத்தில், பாதிக்கும் குறைவாக ஊற்றி, இரண்டு கையாலும் அம்மாவுக்கு நீட்டினார். அம்மா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். குடித்து முடிக்க மறுபடியும் அதே அளவு. மறுபடியும் அதே அளவு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா வெடித்தார்.

"அரைக் கோப்பை தேத்தண்ணி ஊத்திற கஞ்சன். உவன் நாளைக்கு உன்னை வைச்சுப் பார்ப்பானோ?"

அடுத்த கிழமை அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்படி உபசரிப்பது என்று உவனுக்குக் காட்டுகிறேன் பார் என்று அம்மா பெரிய கோப்பையில் விளிம்பு முட்ட ஊற்றிக் கொடுத்தார். அத்தானின் முகம் செத்துப்போனது. கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்தார். எழுந்தார். அம்மாவுக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போய்விட்டார். அக்கா வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடினார்.

விசயம் என்னவென்றால், அவர்கள் நாட்டில் மதிப்பான விருந்தாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். நீங்கள் இன்னும் இருக்க வேண்டும், உங்களுக்கு நான் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். முட்ட ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். அக்கா திரும்பி வந்து இதைச் சொன்னபோது அம்மா கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சாகும்வரை அத்தானின் கையால் அரைக் கோப்பைதான் குடித்தார். "என்ரை மருமோன் என்னைப் போக விடமாட்டார்" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக் கொள்வார்.

பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் கசகஸ்தானில் எடுத்தது. இங்கே அது செல்லாது என்றார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் இருந்து தொடங்கச் சொன்னார்கள். உயர்தரப் பாடசாலை மாணவர்களோடு சேர்ந்து தலை நரைக்கத் தொடங்கிய மனிதர் உட்கார்ந்தார். வகுப்பு எடுத்தவர், பாதத்தின் உள்பக்கத்தால் பந்தைத் தட்டிக் காட்டச் சொன்னார். தட்டினார். "நல்லாயிருக்கு, முன்பு விளையாடியிருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். அத்தான் "கொஞ்சம்" என்றாராம். நான் அங்கே நின்றிருந்தால் கொஞ்சம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரின் பெயரில் இங்கே நடக்கும் விளையாட்டுக் கழகத்துக்கு அப்போது பிள்ளைகள் இருந்தார்கள், பந்து இருந்தது, பயிற்றுவிப்பாளர் இல்லை. அக்கா கதைத்துச் சேர்த்துவிட்டார். அக்காவின் மகள் அய்குல் அன்று கைக்குழந்தை. அவள் பல்கலைக்கழகம் போகும்வரை, ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு சனிக்கிழமையும், இரவு வேலை முடித்துத் தூங்காமல் மல்வேர்ன் மைதானத்தில் நின்றார் அத்தான். ஒரு சதம் வாங்கியதில்லை.

தமிழ் மைதானத்தில்தான் படித்தார். பொறு, நில், விடாதே, பின்னுக்குப் பார் என்பவை அவருடைய முதல் சொற்கள். முதல் அரை மணித்தியாலம் பந்தையே கண்ணில் காட்ட மாட்டார். பிள்ளைகளைச் சோடி சோடியாக விட்டு, கையைப் பின்னால் கட்டி, ஒருவனை ஒருவன் மறிக்கச் சொல்வார்.

"பந்தைப் பார்க்காதை. இடுப்பைப் பார். கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. பொறு… பொறு… இப்ப!"

அவசரப்பட்டுக் காலைப் போடுகிறவனைத்தான் அவருக்குப் பிடிக்காது. பொறுத்து நின்று ஒரே தரம் போட வேண்டும், போட்டால் பந்து கையில் இருக்க வேண்டும் என்பார். கையில் என்றால் காலில். தமிழில் அந்த வித்தியாசம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எந்தப் பிள்ளையும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், முதல் ஒரு வருடம் பெக்கில் ஆட வேண்டும். அது அவருடைய சட்டம்.

அங்கேதான் வினை தொடங்கியது. எங்கள் தகப்பன்மார் கோட்டுக்கு வெளியே கதிரை போட்டுக்கொண்டு, கையில் போனோடு இருப்பார்கள். மகன் கோல் அடிப்பதைப் படம் பிடித்து லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்ப வேண்டும். கோல் அடித்தால் பீட்சா என்று பிள்ளைக்கு ஆசை வேறு காட்டியிருப்பார்கள். பிள்ளை பெக்கில் நின்றால் எதைப் படம் பிடிப்பது?

"உந்த ஆளுக்கு என்ன தெரியும்? என்ரை பெடியனைக் கொண்டுபோய்ப் பின்னுக்குப் போட்டு வைச்சிருக்கிறார்."

என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. நான் திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டுமா? அத்தான் சண்டைக்குப் போகவில்லை. அணி ஒரு கோலும் வாங்காத நாட்களில் அக்காவிடம் பவுர்சாக் பொரித்துத் தரச் சொல்வார். அவர்கள் நாட்டு மாப்பொரியல், பந்துபோல் உப்பி வரும். சுடச் சுடக் கட்டைச் சம்பலோடு பிள்ளைகள் அடிபட்டுத் தின்னும். ஒரு கட்டத்தில், பீட்சா வேண்டாம், பெக்கில் நிற்கிறேன் என்று அந்தப் பிள்ளைகளே தகப்பன்மாரோடு சண்டை பிடித்தார்கள்.

ஊர்க் கழகங்களுக்கு இடையிலான கோடைப் போட்டியில், பதினாறு வயதுக்கு உட்பட்ட எங்கள் அணி, முழுப் போட்டியிலும் ஒரு கோல்கூட வாங்காமல் கிண்ணம் எடுத்தது. வேறு எந்தக் கழகமும் அப்படிச் செய்ததை நான் பார்க்கவில்லை. அத்தானைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பின்னேரம் மட்டும் நன்றாகத்தான் ஆடினார்கள். பிறகு படம் எடுக்க வேண்டி வந்தது. நடுவில் கழகத் தலைவர். பக்கத்தில் அனுசரணையாளர்கள். கீழே பிள்ளைகள். தலைவர் தன் போனை அத்தானிடம் நீட்டினார்.

"ஒரு படம் எடுத்துவிடுங்கோ."

எடுத்துக் கொடுத்தார். கழக மண்டபத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிற வெற்றிப் படத்தில் பயிற்றுவிப்பாளர் இல்லை. அவர்தான் படம் எடுத்தவர். இந்த மலரின் அட்டையில் அத்தான் தனியாக நிற்கிறாரே, அணியோடு நிற்கும் படம் ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வென்றதும் கழகத்துக்குப் பவுசு வந்துவிட்டது. அதே பிள்ளைகளை வளர்ந்தோர் அணியாக்கி ஐரோப்பாவுக்குப் போட்டிக்குக் கொண்டு போகத் திட்டம். தமிழர் அணி என்று பெயர். அப்போதுதான் தமிழர் அணிக்குப் பக்கத்தில் இவர் எப்படி நிற்பது என்ற யோசனை வந்தது போலும். தலைவரின் மைத்துனர் ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். நேரே வந்து சொன்னார்களா? இல்லை. கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார்கள். தமிழில்.

அத்தானுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கழகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் சமையலறைக்கு வந்து போனை அக்காவிடம் நீட்டினார். செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

"எல்லாரும் கும்பிடு போட்டிருக்கினம். என்ன நியூஸ்? வாசி."

அக்கா முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு ஒன்றுமில்லை என்றார். அத்தான் விடவில்லை. "வாசி" என்றார். அக்கா வாசித்தார்.

'அன்பார்ந்த உறவுகளே, எமது கழகத்தின் பயிற்றுவிப்பாளர் பொறுப்பை, எம் மொழியும் எம் வலியும் அறிந்த எம்மவர் ஒருவரே ஏற்க வேண்டும் என நிர்வாகக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. இதுவரை உதவி புரிந்த வேற்றின நண்பருக்கு எமது நன்றிகள்.'

கட்டிய மனைவியின் வாயாலேயே கேட்க வைத்தார்கள். அக்காவுக்கு வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிப் போனது. வேற்றினம் என்றால் என்ன என்று அத்தான் கேட்டார். அக்கா சொல்லவில்லை. அய்குல்தான் ஆங்கிலத்தில் சொன்னாள், அழுதுகொண்டே. அத்தான் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "சரி. சாப்பிடுவம்" என்றார்.

எம் வலியாம். எங்கள் ஊரில் கடைசி யுத்தம் நடந்த அந்த நாட்களில், இந்த நகரத்தின் நடுவில் வீதியோரமாகக் கைகோத்துச் சங்கிலியாக நின்றோமே, மறந்துவிட்டதா? குளிரில் அத்தான் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றார். இந்தக் கையில் என் கை, அந்தக் கையில் அக்காவின் கை. அவருடைய பாட்டன் காலத்தில் அவர்கள் நாட்டில் பஞ்சத்தில் சனம் வெட்டவெளியில் விழுந்து செத்த கதையை அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு யாரும் அவரைப் பார்த்து, நீ வேற்றினம், சங்கிலியில் இருந்து கையை எடு என்று சொல்லவில்லையே. ஆள் தேவைப்பட்டபோது உறவு. கிண்ணம் வந்ததும் வேற்றினம். கறிவேப்பிலைக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு. 

அடுத்த சனிக்கிழமை அத்தான் வழமைபோல் எழும்பி, விசிலைக் கழுத்தில் போட்டு, சப்பாத்துக் கட்டி, காருக்குள் போய் இருந்தார். காரை எடுக்கவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா, போய்ப் பக்கத்துச் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். இருவருமாக மல்வேர்னுக்குப் போய், கழகம் பயிற்சி எடுக்கும் மைதானத்துக்கு அங்கால், பிள்ளைகள் ஊஞ்சலாடும் பக்கத்துப் புல்லில் நின்றார்கள். அங்கே சும்மா ஓடித் திரிந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். தமிழ், சோமாலி, பிலிப்பினோ, எல்லா வீட்டுப் பிள்ளைகளும். ஒன்றுக்கும் கழகமும் இல்லை, சீருடையும் இல்லை. நோய் படுக்கையில் போடும்வரை அந்தப் புல்லில்தான் நின்றார்.

இரைப்பையில் புற்று. கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. அக்காவின் மோர்னிங்சைட் வீட்டில், வரவேற்பறையில் கட்டில் போட்டோம். அவரிடம் பெக்காகப் படித்து வளர்ந்த துவாரகன் என்ற இளைஞன்தான் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தான். அக்காவுக்கு வேலை, எனக்கும் வேலை. தொலைக்காட்சியில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட்டம் பார்ப்பார். கோல் விழப் போகிற பக்கத்துக்குக் கையை நீட்டி, "பொறு, பொறு" என்பார். ஒருநாள் நான் கட்டிலருகே இருந்து கழகத்தைத் திட்டித் தீர்த்தேன். அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"மச்சாள், நீர் ஃபோர்வேர்ட். எப்பவும் முன்னுக்கு ஓடுவீர். உம்முடைய அக்கா பெக்."

அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சென்ற மாரிக் குளிரில் அத்தான் காலமானார். அவருடைய மார்க்கப்படி அடக்கம் செய்தோம். இந்த நகரத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கசக் குடும்பங்களும் வந்தன. "எரிக்கேல்லையோ?" என்று முணுமுணுத்தவர்களும் வந்தார்கள். பனி உறைந்த மண்ணில், துவாரகனும் அவரிடம் படித்த மற்றப் பெக்குகளும்தான் அவரைக் குழிக்குள் இறக்கினார்கள். நாற்பதாம் நாள் அக்கா பவுர்சாக் பொரித்தபோது, துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அந்த மணம் இறந்தவரைப் போய்ச் சேரும் என்பது அவர்கள் வழக்கம் என்று அக்கா அமைதியாகச் சொன்னார். நான் அமைதியாகச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் முகநூலில் கழகத்தின் கண்ணீர் அஞ்சலி வந்தது. அத்தானின் படம், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே பெரிய எழுத்தில்: 'எதிரணிகளைக் கதிகலங்க வைத்த கோல் மன்னன்!' யாரோ ஒரு முன்வரிசை ஆட்டக்காரருக்கு முன்பு போட்ட அஞ்சலியில் படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இத்தனை வருடம் பிள்ளைகளைக் கொடுத்துப் படிப்பித்துவிட்டு, அந்த மனிதர் எந்த இடத்தில் ஆடியவர் என்பதுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. பயிற்றுவிப்பாளர் என்ற சொல்லே அதில் இல்லை.

அடுத்த நாள் கழகத் தலைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு சொன்னார்.

"தங்கச்சி, நாங்கள் அவரை மறக்கமாட்டம். இந்த முறை கோடைப் போட்டியிலை அவற்றை நினைவா ஒரு சுழற்கிண்ணம் வைக்கிறம். ஆகக் கூடக் கோல் அடிச்ச ஆளுக்கு. நீங்கள்தான் வந்து குடுக்க வேணும். மலருக்கும் நான் ஒரு செய்தி எழுதித் தாறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அக்கா எழுந்து போய்த் தேநீரோடு வந்தார். அத்தானின் கைப்பிடி இல்லாத கிண்ணம். விளிம்பு முட்ட ஊற்றியிருந்தார், ஒரு துளி கூட்டினால் வழியும். இரண்டு கையாலும் தலைவருக்கு நீட்டினார். அய்குல் என்னைப் பார்த்தாள். நான் அய்குலைப் பார்த்தேன்.

"ஆ, நல்ல தேத்தண்ணி" என்று தலைவர் உறிஞ்சிக் குடித்தார். இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுத்தான் போனார்.

அந்தச் சுழற்கிண்ணத்தைக் கொடுக்கப் போக வேண்டாம் என்று நான் தலைகீழாக நின்றேன். அக்கா வருகிறேன் என்று தலைவருக்குச் சொல்லிவிட்டார். "போகத்தான் வேணும்" என்றார் என்னிடம். அத்தானைத் துரத்தியவர்கள், அவர் ஆடாத ஆட்டத்துக்கு அவருடைய பெயரைப் போட்டுக் கைதட்டு வாங்கப் போகிறார்கள், அதற்கு என் அக்காவும் கூட நிற்கப் போகிறார் என்று நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை. அப்படி நடந்தால் நானே மைக்கைப் பறித்துவிடுவது என்று முழு ஏச்சையும் பாடமாக்கி வைத்திருந்தேன்.

கோடைப் போட்டி நாள். பந்தல், ஒலிபெருக்கி, கொத்துரொட்டிக் கடை, ஐஸ்கிறீம் வான். ஆகக் கூடுதலாகக் கோல் அடித்த இளைஞன் வேறொரு கழகத்துப் பிள்ளை. அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அக்காவை அழைத்தார்கள். கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். அக்கா அந்த இளைஞனைப் பார்த்து, "தம்பி, நீர் குறை நினைக்காதேயும். நல்லா விளையாடினீர்" என்றார். பிறகு மைக்குக்குத் திரும்பினார்.

"வணக்கம். என்ரை மனிசன் பெக். அவர் ஒரு கோலும் அடிக்கேல்லை. இந்தக் கழகத்திலை அவர் என்னவா இருந்தவர், எப்பிடிப் போனவர் எண்டு கழகமே எழுதினது என்னட்டை இருக்கு. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதாலை அண்டைக்கு நான்தான் வாசிச்சுக் காட்டினனான். இண்டைக்கு உங்களுக்கும் வாசிக்கிறன்."

கைப்பையில் இருந்து போனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். அன்று சமையலறையில் வாசித்த அதே செய்தியை, அன்பார்ந்த உறவுகளே என்பதில் இருந்து, ஒரு சொல் விடாமல் வாசித்தார். இந்த முறை குரல் இறங்கவில்லை. கொத்துரொட்டிக் கடையில் தகரம் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. வேற்றின நண்பருக்கு எமது நன்றிகள் என்று முடித்துவிட்டு அக்கா நிமிர்ந்தார்.

"அந்த நண்பரைத்தான் உங்கட பிள்ளையள் கோச் அங்கிள் எண்டு கூப்பிட்டவை. இந்தக் கிண்ணத்துக்கு வேறை ஆரின்ரையும் பேரை வையுங்கோ."

கிண்ணத்தை மேசையில் வைத்தார். இறங்கி வந்தார். தலைவர் மைக்கைப் பிடித்து, அடுத்த ஆட்டத்துக்கு அணிகளைத் தயாராகச் சொன்னார். கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற துவாரகன் என் காதில், "அன்ரி, தற் வாஸ் எ கிளீன் ராக்கிள்" என்றான். சுத்தமாகப் பந்தை மட்டும் எடுத்தார், ஆளைத் தொடவே இல்லை என்றான். காருக்குள் ஏறியதும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார். நான் பாடமாக்கிய ஏச்சு முழுவதும் வீணாய்ப் போனது. ஃபோர்வேர்ட் என்றால் அப்படித்தான்.

அன்று இரவே ஒரு தகப்பன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். பீட்சாக்காரர்களில் ஒருவர்தான். "அக்கா, என்ரை மகன் இப்பவும் பெக்கிலைதான் விளையாடுறான்" என்றார். அவ்வளவு சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அக்கா அவரை மன்னித்துவிட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம். அத்தானை வைத்தியசாலைக்குத் தூக்கியும் பிடித்தும் கொண்டு திரிந்த துவாரகனுக்கும், உறைந்த மண்ணில் அவரை இறக்கிவைத்த பிள்ளைகளுக்கும் நன்றி. அடக்கத்துக்கு வழிகாட்டி, நாற்பது நாளும் வந்து போன கசக் குடும்பங்களுக்கு நன்றி. அக்காவுக்காகத் தங்கள் விடுமுறையைக் கொடுத்த பாண் தொழிற்சாலைத் தோழிகளுக்கும், வீட்டுக்கு வந்த தாதிக்கும் நன்றி. மல்வேர்ன் புல்வெளியில் இன்றும் சனிக்கிழமைகளில், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கையைப் பின்னால் கட்டி மறிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அன்பு. தலைவர் எழுதி அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. அது இந்த மலரில் இல்லை, அச்சகத்தாரின் தவறல்ல.

கசக் மக்களும் ஆண்டு நிறைவில் எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போட்டுத்தான் அனுப்புவார்கள், எங்களைப் போலவே. ஆகவே இன்று யாரும் சாப்பிடாமல் போக வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவும் அய்குலும் தேநீர் கொண்டு வருவார்கள். கிண்ணத்தில் பாதிதான் இருக்கும். குறை நினைக்க வேண்டாம். நீங்கள் போதும் என்னும்வரை திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். யாருக்காவது விளிம்பு முட்ட ஊற்றியிருந்தால், அவர் தயவுசெய்து அதைக் குடித்துவிட்டு எழும்பிப் போகவும்.

அத்தானின் மச்சாள்,
ஸ்காபரோ.